முதலிடம் என்றால் எதில் முதலிடம்? பழைய ஹிட் பாட்டுப் பட்டியல்கள்: ஓர் அறிமுகம்

“இது அந்தக் காலத்து நம்பர் ஒன் பாட்டாக்கும்!”

டிசம்பர் பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் இந்த வாக்கியம் காதில் விழாமல் இருக்காது. மார்த்தாண்டமோ குளச்சலோ, தெருவில் ஸ்டார் கட்டி, குடில் போட்டு, ஸ்பீக்கரில் போனி எம் குழுவின் பாட்டு ஓடத் தொடங்கினால், ஐம்பதைத் தாண்டிய யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பையனும் தலையாட்டுவான். எந்த ஊரில் நம்பர் ஒன், யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்று அவன் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை, அவருக்கும் தெரியாது என்பதுதான் பெரும்பாலும் உண்மை. அந்த இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஹிட் பட்டியல் என்பது ஒரு கணக்கு. ஒரு குறிப்பிட்ட வாரத்தில், ஒரு குறிப்பிட்ட நாட்டில், எந்தப் பாட்டு அதிகம் விற்றது அல்லது வானொலியில் அதிகம் ஒலித்தது என்று யாரோ உட்கார்ந்து எண்ணி வரிசைப்படுத்திய தாள். நல்ல பாட்டு எது என்று அது சொல்வதில்லை, சொல்ல முயல்வதும் இல்லை. தோவாளைப் பூச்சந்தையில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பிச்சிப்பூ விலை எகிறும், முகூர்த்தம் முடிந்தால் படுத்துவிடும். பூவின் வாசம் இரண்டு நாளும் ஒன்றுதான். விலை காட்டுவது அன்றைய தேவையை. பாட்டுப் பட்டியல் காட்டுவதும் அதைத்தான். ஆகவே ஒருவர் ‘நம்பர் ஒன்’ என்று சொன்னால் உடனே கேட்க வேண்டியது: எந்த வாரம், எந்த நாடு, எதை எண்ணினார்கள், எண்ணியவர் யார்?

கடைக்குப் போன் போட்டுப் போட்ட பட்டியல்

இசைத்தட்டு பெரிய வியாபாரமாவதற்கு முன்னால், ஒரு பாட்டின் செல்வாக்கை அளக்க அதன் ஸ்வரத்தாள் எத்தனை பிரதி விற்றது என்று பார்த்தார்கள். அப்போது பாட்டு என்பது வீட்டுப் பியானோவில் வாசிக்கும் சங்கதி. அப்புறம் இசைத்தட்டும் வானொலியும் வந்தன. அமெரிக்காவின் ‘பில்போர்டு’ வணிக இதழ் 1940 ஜூலையில் இசைத்தட்டு விற்பனையை வைத்து வாராந்தரப் பட்டியல் போடத் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் அந்த ஒரே இதழில் பல பட்டியல்கள் ஓடின. கடையில் அதிகம் விற்றவை தனி, வானொலியில் அதிகம் ஒலித்தவை தனி, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் அதிகம் ஓடியவை தனி. மூன்றிலும் முதலிடம் ஒரே பாட்டாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. விற்பனையையும் ஒலிபரப்பையும் சேர்த்துக் கலக்கி, இன்றுவரை வரும் ‘ஹாட் 100’ பட்டியலை 1958 ஆகஸ்ட் 4 அன்று வெளியிட்டார்கள். அதில் முதல் முதலிடம் ரிக்கி நெல்சன் என்ற இளம் பாடகருக்கு.

இங்கிலாந்தில் கதை இன்னும் எளிமையானது. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழில் விளம்பரப் பிரிவில் இருந்த பெர்சி டிக்கின்ஸ், சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, “இந்த வாரம் உங்களிடம் அதிகம் போனது எது?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் கூட்டி 1952 நவம்பர் 14 இதழில் முதல் பட்டியலை அச்சிட்டார்கள். பன்னிரண்டு இடம் கொண்ட பட்டியல்; ஆனால் சமநிலை வந்ததால் பதினைந்து இசைத்தட்டுகள் இருந்தன. முதலிடம் அல் மார்டினோவுக்கு. இன்று ‘பிரிட்டிஷ் தரவரிசை வரலாறு’ என்று கனமாகப் பேசுகிறார்களே, அதன் வேர் இந்தச் சில போன் கால்கள்தான்.

ஒரு இதழ் செய்தால் மற்ற இதழ்கள் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு பட்டியல் போட்டார்கள். 1963-இல் பீட்டில்ஸ் குழுவின் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ இரண்டு பெரிய இதழ்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ‘ரெக்கார்டு ரீடெய்லர்’ என்ற வணிக இதழின் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றது. பிற்காலத்தில் வரலாறு எழுதியவர்கள் அந்தக் காலகட்டத்துக்கு இந்த மூன்றாவது பட்டியலையே அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டார்கள். பீட்டில்ஸின் முதலிடப் பாட்டுகளையெல்லாம் தொகுத்து 2000-இல் ஒரு ஆல்பம் வந்தபோது, இந்தப் பாட்டுக்கு அதில் இடமில்லை. அந்த வாரம் அதை வாங்கிய பையன்கள் ‘நம்பர் ஒன்’ என்று நம்பித்தான் வாங்கியிருப்பார்கள். இங்கிலாந்தில் எல்லோரும் ஏற்கும்படியான ஒரே பட்டியலுக்கு, பி.பி.சி.யும் அந்த வணிக இதழும் சேர்ந்து ஒரு ஆய்வு நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்த 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்டியலை வெறும் ரசனையின் கண்ணாடியாகப் பார்த்தால் இன்னொன்றும் தவறிப்போகும். 1964 ஏப்ரல் 4 அன்று ஹாட் 100-இன் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸுக்கே. அமெரிக்கா பைத்தியம் பிடித்து ஆடியது உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தின வருடம் அமெரிக்காவில் இவர்களைச் சீண்டுவார் இல்லை. பெரிய கம்பெனி வேண்டாம் என்றதால் சில பாட்டுகளின் உரிமை சின்னக் கம்பெனிகளுக்குப் போயிருந்தது. அலை அடித்ததும் எல்லாக் கம்பெனிகளும் கையில் இருந்ததை ஒரே நேரத்தில் கடைக்கு இறக்கின. ஒரே கம்பெனியிடம் எல்லாம் இருந்திருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விட்டிருப்பார்கள்.

பட்டியலை வளைக்கவும் முடியும். பாட்டைப் போடச் சொல்லி வானொலி அறிவிப்பாளர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்த விவகாரம் 1959-60-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போய், வெளியே சொல்லாமல் பணம் வாங்குவது சட்டப்படி குற்றமானது. கடைக்காரர்கள் போனில் சொல்லும் வரிசையும் முழுக்க நம்பக்கூடியதாக இல்லை. 1991-இல் பில்போர்டு, கடைக் கவுண்டரில் பார்கோடு ஸ்கேன் ஆகும் கணக்கை நேரடியாக எடுக்கத் தொடங்கியதும், அதுவரை கீழே கிடந்த நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளும் ராப் பாட்டுகளும் திடீரென்று மேலே வந்தன. ஜனங்கள் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. அதற்கு முன்னாலும் அவற்றை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

சரி, இங்கே என்ன நடந்தது? இங்கிலாந்தில் முதல் பட்டியல் அச்சான அதே 1952-இல் டெல்லியில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய இசைப் பிரியர். சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போனது. ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ரேடியோ சிலோனில் அமீன் சயானி குரலில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. பற்பசைக் கம்பெனி விளம்பரத்தில் நடந்த இந்திப் பாட்டு நிகழ்ச்சி. கொஞ்ச காலத்தில் அது தரவரிசை நிகழ்ச்சியாக மாறியது. இசைத்தட்டு விற்பனையையும், ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் கடிதங்களையும் வைத்து வரிசை போட்டார்கள். அரசு 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கி வழிக்கு வந்தது. அதற்குள் கொழும்பு பழகிப்போயிருந்தது.

குமரிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சலுகை. நேர்கோட்டில் பார்த்தால் கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு, சென்னைக்குள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. இடையில் மலையும் இல்லை, வெறும் கடல். மத்திய அலை ஒலிபரப்பு தரையோடு ஒட்டிப் போகும். காய்ந்த மண்ணைவிட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடலுக்கு மேல் அந்த அலை பலம் குறையாமல் வெகுதூரம் வரும். அதனால்தான் சென்னை நிலையம் கரகரத்த இடத்தில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி கேட்டது. தபாலாபீசில் லைசென்சு எடுத்து வைத்திருந்த ரேடியோப் பெட்டியில் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. முள்ளை அந்தப் பக்கம் திருப்பினால் திருவனந்தபுரம் மலையாளம், இந்தப் பக்கம் திருநெல்வேலி. 1984 அக்டோபரில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்று நாகர்கோவில் நிலையமும் வந்து சேர்ந்தது.

தமிழில் ஒன்று, இரண்டு என்று எண் போட்ட பட்டியலைவிட ‘நேயர் விருப்பம்’தான் கொடிகட்டிப் பறந்தது. போஸ்ட் கார்டில் பாட்டின் பெயரையும் கேட்பவர்களின் பெயரையும் எழுதிப் போடுவார்கள். தக்கலையிலிருந்து இன்னார், இரணியலிலிருந்து இன்னார், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று அறிவிப்பாளர் மூச்சு வாங்க வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். இதைக் கூர்ந்து பார்த்தால் இதுவும் ஒரு தரவரிசைதான். பெயர் வாசிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, அந்தப் பாட்டு அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஆனால் இதில் எண்ணப்பட்டவர்கள் கார்டு எழுதியவர்கள் மட்டும். கேட்டுவிட்டுச் சும்மா படுத்தவர்கள் கணக்கில் வரவில்லை. ஒரே ஆள் பத்துக் கார்டு போட்டால் பத்து ஓட்டு. இங்கிலாந்திலும் இதே சிக்கல்தான்: காசு கொடுத்து ரெக்கார்டு வாங்கியவன் மட்டும் எண்ணப்பட்டான், வானொலியில் கேட்டுத் திருப்திப்பட்டவன் எண்ணப்படவில்லை. எந்தப் பட்டியலிலும் யார் விடுபட்டார்கள் என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

கேசட்டில் ஏறியபோது

மேற்கத்திய ஹிட் பாட்டுகள் குமரிக்குள் நுழைந்ததில் வளைகுடாவுக்குப் போன மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் பெரிய பங்கு. லீவுக்கு வரும்போது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்று, கூடவே நாலைந்து கேசட். போனி எம், அபா, எப்போதாவது கிளிஃப் ரிச்சர்டு. அதைக் கடன் வாங்கி நகல் எடுக்க பஜாரில் கேசட் பதியும் கடைகள் இருந்தன. நோட்டுத்தாளில் பாட்டுகளை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிடம், பத்துப் பாட்டுக்குக் கிட்ட வரும். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். எங்கள் பக்கத்துக் கடைக்கார அண்ணன் கவுண்டரில் பென்சிலைத் தட்டிக்கொண்டே கேட்பார்: “ரெண்டு நிமிசம் பாக்கி கெடக்கு மக்கா, சின்னப் பாட்டா ஒண்ணு சொல்லு.”

ரெண்டு நிமிடம், மூணு நிமிடம் என்று பழைய பாட்டுகள் சிக்கனமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். நம் பழைய சினிமாப் பாட்டு நீளமாக இருந்தால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று வெட்டிப் பதிந்ததும் அதனால்தான். 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி சின்னதாக, 45 சுற்று இசைத்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் விற்க வேண்டிய பாட்டு, மறுபக்கம் துணைக்கு ஒன்று. பாப் பட்டியல்கள் பெரும்பாலும் எண்ணியது இந்தச் சின்னத் தட்டைத்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். பட்டியலில் ஏறுவது தட்டு. எந்தப் பக்கத்துக்காக வாங்கினார்கள் என்பது தெரியாது. போனி எம்மின் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ இதற்கு அருமையான உதாரணம். நம்மூர்ப் பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கீதம் 137-இன் வரிகளை எடுத்து ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970-இல் பாடியது. ஜெர்மனியிலிருந்து ஃபிராங்க் ஃபாரியன் நடத்திய போனி எம் 1978-இல் அதை டிஸ்கோ தாளத்தில் போட்டது. இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடம். அப்புறம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பி மறுபக்கத்துப் பாட்டான ‘பிரவுன் கேர்ள் இன் தி ரிங்’கைப் போட ஆரம்பித்தார்கள். அதே தட்டு மறுபடி இரண்டாம் இடம் வரை ஏறியது. மொத்தம் 40 வாரம் பட்டியலில். அமெரிக்காவில் அதே பாட்டு 30-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. டிசம்பரில் நம் தெருவில் ஓடும் ‘மேரிஸ் பாய் சைல்டு’ இங்கிலாந்தில் இரண்டு தடவை கிறிஸ்மஸ் முதலிடம்: 1957-இல் ஹாரி பெலஃபாண்டே குரலில், 1978-இல் போனி எம் பாடி. ஆக, பெரியவர் சொன்னது சரிதான். இங்கிலாந்து, 1978 டிசம்பர் என்று சேர்த்துக்கொண்டால் போதும்.

போனி எம் மேடையில் துள்ளி ஆடிய பாபி ஃபாரல் ரெக்கார்டில் ஏறக்குறைய பாடியதே இல்லை. ஆண் குரல் ஃபாரியனுடையது. இது தெரிந்த பிறகும் கேசட்டின் மவுசு குறையவில்லை, குறைய வேண்டியதும் இல்லை.

கேசட் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்தது. வாரம், நாடு, இடம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நல்லதாகத் தேறியவற்றை மட்டும் நமக்குக் கொண்டுவந்தது. ‘அந்தக் காலத்துல எல்லாப் பாட்டுமே நல்லா இருக்கும்’ என்ற எண்ணம் பிறந்தது இப்படித்தான். உண்மையில் எந்த வாரத்துப் பட்டியலை எடுத்தாலும் பாதிக்கு மேல் யாருக்கும் நினைவில் இல்லாத சரக்கு. 1969 என்றால் ராக் இசையின் பொற்காலம், வுட்ஸ்டாக் திருவிழா நடந்த வருடம் என்பார்கள். அந்த வருடத்துக்கான பில்போர்டின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் யாருக்கு? ஆர்ச்சீஸ். படக்கதைப் புத்தகத்திலிருந்து கார்ட்டூனுக்கு வந்த, நிஜத்தில் இல்லாத ஒரு குழு! எதிர்ப்பக்கம் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற நிஜ ராக் குழு: ஐந்து தடவை அமெரிக்காவில் இரண்டாம் இடம், ஒரு தடவைகூட முதலிடம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1967. பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’, ‘பென்னி லேன்’ இரண்டும் ஒரே தட்டில் வந்தன. இசை விமர்சகர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் தட்டு. அதிகாரபூர்வப் பட்டியலில் அதை இரண்டாம் இடத்தில் நிறுத்தியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். ‘ரிலீஸ் மீ’ என்ற காதல் பிரிவுப் பாட்டு. ஆறு வாரம் முதலிடம், தொடர்ந்து 56 வாரம் பட்டியலில். அந்த மனிதர் 1936-இல் பிறந்தது மதராசில். கிளிஃப் ரிச்சர்டு பிறந்தது லக்னோவில். இதை எந்த டீக்கடையிலும் தாராளமாகப் பந்தயம் கட்டலாம். ‘ரிலீஸ் மீ’ மட்டமான பாட்டு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அதைத் தேடிக் கடைக்குப் போனவர்கள் அதிகம். அவர்களில் நடுவயதுக்காரர்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு அறுபதுகளின் கதையைச் சொல்வதுதான் பிசகு.

இன்னொரு காரணம் நம் மூளைக்குள் இருக்கிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்ற வயதுகளைவிட அதிகமாக நினைவில் தங்குகின்றன என்று உளவியல் ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. பதினாறு வயதில் கேட்ட பாட்டு அந்த வயதோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் ‘பொற்காலம்’ எது என்று ஒருவரைக் கேட்டால் பெரும்பாலும் அவர் பிறந்த வருடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இறந்த பாட்டு எழுந்து வருவது

இப்போது கணக்கே மாறிவிட்டது. முன்பு ரெக்கார்டு வாங்கினால் ஒரு எண்; வீட்டில் ஆயிரம் தடவை போட்டாலும் அதே ஒன்றுதான். 2014 ஜூலை முதல் பிரிட்டிஷ் பட்டியலில் இணையத்தில் கேட்பதும் சேர்ந்தது. அன்று வகுத்த கணக்குப்படி 100 தடவை கேட்டால் ஒரு விற்பனை. விளைவு, பழசுகள் எழுந்து வந்தன. 1984-இல் இரண்டாம் இடத்தில் நின்ற வாம் குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’, 2021 ஜனவரி 1 தேதியிட்ட பட்டியலில்தான் முதன்முதலாக முதலிடம் பிடித்தது. பாடிய ஜார்ஜ் மைக்கேல் 2016 கிறிஸ்மஸ் அன்றே இறந்துவிட்டார்.

இப்படிப் பழசுகள் வந்து அடைத்துக்கொள்வதால், பழைய பாட்டு என்றால் இரட்டிப்புத் தடவை கேட்டால்தான் ஒரு விற்பனை என்று ஒரு விதி வைத்தார்கள். 1985-இல் மூன்றாம் இடம் வரை போன, பாடகி கேட் புஷ்ஷின் பாட்டு ஒன்று, 2022-இல் ஒரு தொடரில் வந்ததால் மறுபடி கிளம்பியபோது, அதற்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். அந்த ஜூன் மாதம் அது முதலிடம். எண்ணுகிறவர் விதியை மாற்றினால் முதலிடமும் மாறும் என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று கிடைக்காது. 1967-இன் முதலிடத்தையும் இன்றைய முதலிடத்தையும் பக்கத்தில் வைத்து ‘யார் பெரியவர்’ என்று சண்டை போடுவது வீண் வேலை.

சரி, ஒரு பழைய பட்டியலைக் கையில் எடுத்தால் எப்படிப் படிப்பது? பிரிட்டிஷ் பட்டியல்கள் 1952 முதல் தேதிவாரியாக இணையத்தில் திறந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் சில எண்கள் இருக்கும்: இந்த வார இடம், போன வார இடம், தொட்ட உச்சம், எத்தனை வாரமாக இருக்கிறது. புதியவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். சுவாரசியம் கடைசி எண்ணில். உச்சம் 1, மொத்தம் ஐந்து வாரம் என்றால் ரசிகர் கூட்டம் முதல் நாளே முண்டியடித்து வாங்கிவிட்டு ஓய்ந்திருக்கிறது. உச்சம் 14, மொத்தம் இருபத்தைந்து வாரம் என்றால் வாய்வழியாகப் பரவிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்கத் தொடங்க இந்த இரண்டாவது வகைதான் நல்லது. உங்கள் அப்பா அம்மா கல்யாணம் நடந்த வாரத்தை எடுங்கள். முதல் இருபதையும் விடாமல், பிடிக்காததைத் தாண்டாமல் கேளுங்கள். மூன்று நிமிடப் பாட்டுகள்தானே, ஒரு மணி நேரம்தான் ஆகும். எட்டாவது பாட்டுக்குள் ஒரு முறையாவது “இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கினார்களா!” என்று கேட்டுவிடுவீர்கள்.